ஓசிப் பாடம்: கிட்டார் கற்றவர்களின் ஐந்நூறு ஆண்டுக் கணக்கு



சென்ற பொதுக்குழுவில் ‘இதர விஷயங்கள்’ வந்தபோது எழுந்த புகார் பலருக்கும் நினைவிருக்கும். பி பிளாக் மூன்றாம் மாடியில் இரவு ஒன்பது மணிக்கு மேல் யாரோ கிட்டாரை வைத்து அறுக்கிறார்கள் என்பது புகார். அந்த யாரோ நான்தான். அங்கேயே எழுந்து ஒப்புக்கொண்டேன். அன்று முதல் எட்டரை மணிக்கே உறைக்குள் போட்டு மூடிவிடுகிறேன். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “யாரு சார் சொல்லித் தாறது?” ஃபோனில் பார்த்துத்தான் என்றேன். “ஃபீஸ் எவ்வளவு?” ஓசி என்றேன்.

‘ஓசி’ என்ற சொல்லுக்கு ஒரு கதை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கம்பெனி வேலையாகப் போகும் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் கிடையாதாம். ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ என்பதன் சுருக்கமாக ஓ, சி என்று முத்திரை குத்துவார்களாம். அதுவே ஓசி ஆயிற்று என்பது கதை. மெய்யோ பொய்யோ, எனக்கு அதில் பிடித்தது ஒன்று உண்டு. கடிதம் ஓசியில் போனாலும், அதைச் சுமந்துகொண்டு ஓடிய ஆளுக்கு யாரோ கூலி கொடுத்துத்தான் இருக்க வேண்டும்.

முப்பத்தெட்டு வருடம் வங்கியில் லெட்ஜர் எழுதியவன் நான். ஒரு பக்கம் பற்று விழுந்தால் எதிர்ப்பக்கம் வரவு விழ வேண்டும். இல்லையென்றால் கணக்கு டேலி ஆகாது, வீட்டுக்குப் போக முடியாது. எனக்குக் கிட்டார் பாடம் இலவசமாக வருகிறது என்றால் எதிர்ப்பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது? அதைத் தேடிப் போனதில் கிடைத்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திரும்பிக்கொண்ட விரல்கள்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1979. நாகர்கோவிலில் பி.காம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். நம் மாவட்டத்தில் கிட்டாரை நேரில் பார்க்க அன்று இரண்டே வழிகள். ஒன்று, டிசம்பர் மாதம் வீடு வீடாக வரும் கேரல் குழு. இன்னொன்று, கோயில் திருவிழாவில் நடக்கும் மெல்லிசைக் கச்சேரி. நான் இரண்டுக்கும் போவேன்.

ஒரு திருவிழாவில் மேடைக்கு ஓரமாக நின்று கிட்டார் வாசிப்பவரின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கம்பியை எங்கே அழுத்துகிறார் என்று மனதில் பதித்துக்கொண்டு போனால் வீட்டில் போய்ப் படம் போட்டுப் பார்க்கலாம் என்பது என் திட்டம். மூன்றாவது பாட்டில் அவர் என்னைக் கவனித்துவிட்டார். அடுத்த பாட்டுக்கு உடம்பைத் திருப்பிக்கொண்டார். கை தெரியவில்லை.

அப்போது கோபம் வந்தது. இன்று வரவில்லை. அவருக்கு அந்த விரல்களில் இருந்ததுதான் மூலதனம். ஊரில் நான்கு பேர் அதைக் கற்றுக்கொண்டால் அடுத்த வருடக் கச்சேரிக்கு அவரைக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ. ஒரு வியாபாரி தன் கொள்முதல் விலையைச் சொல்லாமல் இருப்பது போலத்தான் இதுவும்.

கற்றுக்கொடுப்பவர் ஒருவரை விசாரித்தோம். மாதக் கட்டணம் ஒரு பக்கம், கிட்டார் வாங்குவது இன்னொரு பக்கம். அப்பாவின் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஆகும் என்று தெரிந்தது. அப்பா அதிகம் பேசவில்லை. “மொதல்ல பரீட்சையைப் பாசாவு” என்றார். பாசானேன். வங்கி வேலை கிடைத்தது. கிட்டார் போயிற்று. அது திரும்பி வந்தது 2021இல். ஓய்வு பெற்ற வருடம், பெங்களூருக்குப் போன மகன் விட்டுச் சென்ற கிட்டார் லாஃப்டிலிருந்து இறங்கியது.

‘வாத்தியார்’ என்றொரு புத்தகம்

விரலை மறைப்பது ஒரு வழக்கம் என்றால், விரலைக் காட்டுவதும் ஒரு பழைய வழக்கம்தான். ஸ்பெயின் நாட்டில் வாலென்சியா நகரில் 1536இல் ஒரு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் லூயிஸ் மிலான். கிட்டாரின் உறவுக்காரனான ‘விஹுவேலா’ என்ற வாத்தியத்துக்கான புத்தகம். அதன் பெயர் ‘எல் மாயெஸ்த்ரோ’. நம் மொழியில் சொன்னால் ‘வாத்தியார்’. அந்த வாத்தியத்தைத் தொட்டே பார்க்காத மாணவனுக்கு ஆசிரியர் எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பாரோ, அதே வரிசையில் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும்படி அதை அமைத்திருக்கிறார். பெயர் பொருத்தம்தான்.

அதில் இசையை எழுதியிருக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். ஆறு கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு கம்பி. கோட்டின் மேல் ஓர் எண். அந்தக் கம்பியை எத்தனையாவது கட்டையில் அழுத்த வேண்டும் என்பதே அந்த எண். சுரம் தெரிய வேண்டாம், ராகம் தெரிய வேண்டாம். எண் படிக்கத் தெரிந்தால் போதும். இதைத்தான் இன்று ‘டேப்’ என்கிறோம். உங்கள் பிள்ளைகள் ஃபோனில் பார்க்கும் அதே ஆறு கோடு, அதே எண்கள். மெல்லிய கம்பி மேலே வரும்படி மிலான் எழுதியது கூட இன்றைய வழக்கமே.

அறுபது வருடம் கழித்து, 1596இல், பார்சிலோனாவில் இன்னொரு சிறு புத்தகம் வந்தது. எழுதியவர் ஜோன் கார்லெஸ் அமாட். இவர் தொழில்முறை இசைக்காரர் அல்ல, மருத்துவர். அன்றைய கிட்டாருக்கு ஐந்து ஜோடிக் கம்பிகள். அதில் பாட்டுக்குத் துணையாக வாசிக்க வேண்டிய கார்டுகளை, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகளை, இவர் மேஜரில் பன்னிரண்டு, மைனரில் பன்னிரண்டு என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துவிட்டார். எந்தப் பாட்டுக்கும் எந்த எண்களைப் பிடிக்க வேண்டும் என்று அட்டவணையும் போட்டார். பதினெட்டாம் நூற்றாண்டிலும் மறுபடி மறுபடி அச்சான புத்தகம் அது. கணக்குப்பிள்ளை வேலை பார்த்த எனக்கு இந்த மருத்துவர் மேல் தனி மரியாதை உண்டு. பாட்டை அட்டவணையாக மாற்றிய ஆள் அல்லவா!

1674இல் சரகோசாவில் காஸ்பர் சான்ஸ் வெளியிட்ட கிட்டார் பாடநூல் மூன்றாவது. சலமன்காவில் இறையியல் படித்து, இத்தாலிக்குப் போய் இசை கற்று வந்தவர் இவர். முதல் அடியிலிருந்து தேர்ச்சி வரை கொண்டுபோகிறேன் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். அவருடைய மெட்டுகளை எடுத்துத்தான் 1954இல் ஹோவகீன் ரோத்ரிகோ கிட்டாருக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக ஒரு பெரிய படைப்பைச் செய்தார். நூல் அச்சாகி 280 வருடம் கழித்து!

இந்த மூன்று பேரும் இலவசமாகக் கொடுக்கவில்லை. புத்தகத்துக்கு விலை உண்டு. ஆனால் வாத்தியார் வீட்டுத் திண்ணையில் வருடக்கணக்கில் உட்கார வேண்டிய செலவைக் குறைத்தார்கள். விரலைத் திருப்பிக்கொள்ளாமல் காட்டினார்கள்.

நம் பக்கத்துக் கணக்கு

வெளிநாட்டு வாத்தியம் ஒன்று நம் ஊருக்கு வந்து சேரும்போது கற்பது எப்படி என்ற கேள்வி நமக்கும் இருந்திருக்கிறது. கிட்டாருக்கு முன்பே வந்தது வயலின். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி கிடையாது. இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் நம் வித்வான்களுக்கு அது தெரியாத பெட்டி.

முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1858). குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் இருந்த காலத்தில், அவர்களை ஆதரித்த மணலி முதலியார் இந்தப் பையனை ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்க ஏற்பாடு செய்தார். ஏறக்குறைய மூன்று வருடம் கற்றார். பிறகு அதை நம் சங்கீதத்துக்கு வளைத்தார். அதாவது அங்கே எதிர்ப்பக்கத்தில் பெயர் எழுதப்பட்டவர் மணலி முதலியார்.

அடுத்தது நம் வீட்டுக்கதை. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரையும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்தவர்கள். அந்தத் திருவிதாங்கூரின் மன்னர் சுவாதித் திருநாள், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவின் வயலினைக் கேட்டு மகிழ்ந்து 1834இல் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். இங்கேயும் எதிர்ப்பக்கத்தில் ஓர் அரசர். புதிய வாத்தியம் என்றால் ஒரு ஜமீனோ அரண்மனையோ பின்னால் இருந்தாக வேண்டும் என்ற காலம் அது. அவர்கள் கண்ணில் படாத பையன்கள் எத்தனை பேரோ, அந்தக் கணக்கு எந்த லெட்ஜரிலும் இல்லை.

இந்த நிலை மாறத் தொடங்கியது அச்சு வந்தபின். சென்னை அரசுச் செயலகத்தில் வேலை பார்த்தவர் ஏ.எம். சின்னசாமி முதலியார். நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய சுரக்குறியில் எழுதி 1893 முதல் பகுதி பகுதியாக அச்சிட்டார். பாடாந்தரமாக, வாய்வழியாக மட்டும் இருந்தால் இவையெல்லாம் ஒருநாள் அழிந்துபோகும் என்று கவலைப்பட்ட மனிதர். கண்பார்வை மங்கிய நிலையிலும் அந்த வேலையை விடவில்லை. பாலுசாமி தீட்சிதரின் மகள்வயிற்றுப் பேரனும் சுவீகார மகனுமான சுப்பராம தீட்சிதர் அப்போது எட்டயபுரம் சமஸ்தானத்தில் இருந்தார். அவரிடம் இருக்கும் செல்வம் அச்சேற வேண்டும் என்று எட்டயபுரம் ஜமீனிடம் எடுத்துச் சொன்னவர் இந்த முதலியார்தான்.

1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ எட்டயபுரத்தில் அச்சாகி வந்தது. தெலுங்கு எழுத்தில், சுரக்குறிகளோடு, கமகக் குறிகளோடு, ஆயிரத்தைந்நூறு பக்கத்துக்கு மேல். பிற்காலத்தில் சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் தமிழ் எழுத்தில் கொண்டுவந்தது. இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நம் ஊரிலிருந்து காரில் மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய எட்டயபுரத்தில், ஒரு குடும்பத்துக்குள் இருந்த சொத்து ஊர்ப் பொதுச் சொத்தானது. செலவு ஜமீனுடையது. உழைப்பு தீட்சிதருடையது. தூண்டுதல் ஒரு செயலக ஊழியருடையது. கடைசியில் சொன்ன அந்தப் பெயரைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்த ஆள் என்பதால் எனக்கு மறக்க மனமில்லை.

சென்னைக்கு ரயில் ஏறியவர்கள்

கிட்டாருக்கு வருவோம். தமிழ்நாட்டில் அதை முறையாகக் கற்க வேண்டுமானால் நெடுங்காலம் சென்னைக்குத்தான் போக வேண்டும். மவுண்ட் ரோட்டில் 1842இல் தொடங்கிய பழைய வாத்தியக் கடையான மியூசி மியூசிக்கல், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகளுக்கும் மையமாக இருந்தது. அந்தத் தேர்வுக்குத் தயார் செய்யும் ஆசிரியர்களும் சென்னையில்தான் இருந்தார்கள்.

அப்படிச் சென்னைக்குப் போனவர்களில் நாம் அனைவரும் அறிந்தவர் இளையராஜா. தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து 1968இல் சென்னை சென்றார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். டிரினிட்டி கல்லூரியின் கிளாசிகல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். ஜி.கே. வெங்கடேஷின் குழுவில் கிட்டார் வாசித்துச் சம்பாதித்தார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. அதன்பின் நம் தலைமுறையில் கிட்டார் என்றால் என்ன என்று தெரியாதவர் இல்லை. ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தில் நிலவைப் பற்றிய பாட்டுக்குச் சந்திரசேகர் வாசித்த கிட்டாரைக் கேட்டு, கிட்டார் வாங்க ஆசைப்பட்டவர்களைக் கணக்கெடுத்தால் நம் அடுக்ககத்திலேயே பத்துப் பேர் தேறுவார்கள்.

ஊரைவிட்டுப் போக முடியாதவர்களுக்கு டேப் ரிக்கார்டர்தான் வாத்தியார். நான்கு விநாடி கேட்பது, நிறுத்துவது, பின்னோக்கிச் சுற்றுவது, மறுபடி கேட்பது. கேசட் தேய்ந்து நாடா வெளியே வரும்வரை இது நடக்கும். இங்கிலாந்தில் இதற்கு ஒரு மாற்று இருந்தது. பெர்ட் வீடன் என்ற கிட்டார்காரர் 1957இல் ‘ஒரே நாளில் வாசிக்கலாம்’ என்ற பொருளில் தலைப்பு வைத்து மலிவான பாடநூல் ஒன்றை எழுதினார். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், எரிக் கிளாப்டன் எல்லாரும் பையன்களாக இருந்தபோது அதைப் புரட்டியவர்கள். ஒரே நாளில் யாருக்கும் வரவில்லை என்பது வேறு விஷயம்!

கம்ப்யூட்டருக்குள் வந்த வாத்தியார்

1992. அமெரிக்காவில் லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரில் ஜேம்ஸ் பெண்டர் என்பவர் ஒரு சேமிப்புக் கிடங்கைத் தொடங்கினார். சுருக்கமாக ‘ஓல்கா’ என்பார்கள். உலகெங்கும் கிட்டார் பழகுகிறவர்கள் பாட்டைக் காதால் கேட்டு, கம்பியும் எண்ணுமாகத் தட்டச்சு செய்து அங்கே போட்டார்கள். 1536இல் மிலான் எழுதிய அதே முறை. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் கணக்கில் ஒரு சிக்கல். எழுதிப் போட்டவர் உழைத்தார், சரி. ஆனால் அந்தப் பாட்டை இயற்றியவர்? அவர் பெயர் லெட்ஜரில் எந்தப் பக்கத்திலும் இல்லை. 1996இல் ஓர் இசைப் பதிப்பு நிறுவனம் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியது, கிடங்கு அங்கிருந்து அகற்றப்பட்டது. வேறு இடங்களில் தொடர்ந்தது. 1998இல் மறுபடி நெருக்கடி. 2006இல் பதிப்பாளர் சங்கங்களின் வக்கீல் கடிதம் வந்தபின் மூடப்பட்டது. கற்கிறவர்களுக்கு இழப்புதான். ஆனால் பாட்டு எழுதியவரும் பிழைக்க வேண்டும் என்பது நியாயம்தானே? திருவிழா மேடையில் திரும்பி நின்ற மனிதரின் நியாயமும் இதற்குப் பக்கத்து வீடுதான். இலவசம் என்று எழுதியிருந்தாலும் எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால் அந்தக் கணக்கு நீடிக்காது என்பதை அங்கே கண்டேன்.

கணக்கைச் சரியாக எழுதியவர் என்று நான் நினைப்பது ஜஸ்டின் சாண்டர்கோ என்பவரை. ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் பிறந்து லண்டனில் கிட்டார் கற்பித்தவர். 2003இல் ஒரு தளம் தொடங்கி, முதல் பாடத்திலிருந்து வரிசையாக இலவசமாகப் போட்டார். பணம் உள்ளவர்கள் நன்கொடை தரலாம், புத்தகம் வாங்கலாம். இல்லாதவர்கள் சும்மா கற்கலாம் என்பது ஏற்பாடு. நம் ஊரில் கோயில் அன்னதானம் நடக்கும் முறைதான். முடிந்தவர் உண்டியலில் போடுகிறார், பந்தியில் எல்லாருக்கும் இடம் உண்டு.

2005இல் யூடியூப் வந்தது. அங்கே எதிர்ப்பக்கத்தில் இருப்பது விளம்பரம். நாம் செலவழிக்கும் நேரமே கட்டணம். அந்த ஆரம்ப நாட்களில் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு கொரிய இளைஞர் பாகெல்பெல்லின் பழைய மெட்டு ஒன்றை மின்சாரக் கிட்டாரில் வாசித்த வீடியோ உலகெங்கும் சுற்றியது. தைவானைச் சேர்ந்த இன்னொரு இளைஞர் அமைத்த வடிவம் அது. 2006இல் பத்திரிகைக்காரர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பெயர் லிம் ஜங் ஹியூன். பெரும்பாலும் தானாகக் கற்றவர். அவர் அதைப் பதிவேற்றியது புகழுக்காக அல்ல, மற்றவர்கள் கேட்டுக் குறை சொல்லட்டும் என்பதற்காக. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் மறுபடி வருகிறேன்.

நமக்கு இதெல்லாம் எட்டியது தாமதமாகத்தான். ஒரு ஜிபி டேட்டாவை மாதம் முழுக்க வைத்து ஓட்டிய காலத்தில் அரைமணி நேர வீடியோப் பாடம் யார் பார்ப்பார்கள்? 2016 செப்டம்பர் 5இல் ஜியோ வந்து, அடுத்த மார்ச் வரை டேட்டாவை இலவசமாகவே கொடுத்தது. மற்ற கம்பெனிகளும் விலையை இறக்கின. லண்டன் வாத்தியார் நாஞ்சில் நாட்டு வீட்டுக்குள் வந்தது அப்போதுதான். அவர்கள் கொடுத்ததும் தர்மத்துக்கு அல்ல, வாடிக்கையாளர் பிடிக்கத்தான். ஆனாலும் கதவு திறந்தது திறந்ததுதான்.

என் பக்கத்துப் பற்று

எதிர்ப்பக்கத்தில் இத்தனை பெயர்கள் என்றால், என் பக்கத்தில் நான் என்ன எழுத வேண்டும்?

ஜஸ்டின் பாடத்தில் ஒரு பயிற்சி உண்டு. இரண்டு கார்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான். நான் ஒரு பழைய டைரியில் தேதி போட்டு எழுதினேன். முதல் நாள் சி-யிலிருந்து ஜி-க்கு ஒன்பது முறை. ஒரு வாரத்தில் பதினான்கு. ஒரு மாதத்தில் இருபத்தாறு. விரல் நுனி சிவந்து, தோல் உரிந்து, பிறகு காய்த்தது. அறுபது வயதுக்கு மேல் விரல் விறைப்பாக இருக்கும். இரும்புக் கம்பி வலித்தால் நைலான் கம்பி போட்ட கிட்டார் கைக்கு இதமாக இருக்கும் என்று தாமதமாகத் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட தினம் பதினைந்து நிமிடம் மேல் என்பதும் என் டைரி சொன்னதுதான். சேமிப்புக் கணக்குக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. கொஞ்சமாகப் போட்டாலும் விடாமல் போட வேண்டும்.

நான்கு மாதம் முடிந்தது. எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது. ஆனால் சி கார்டு மட்டும் எப்போதும் ஊமையாக ஒலித்தது. எத்தனையோ வீடியோ பார்த்தேன். கிட்டாரின் குறை என்று முடிவு செய்து கடைக்குக் கொண்டுபோக இருந்தேன். அப்போது ஒரு சனிக்கிழமை, தண்ணீர் கேன் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான் நம் செக்யூரிட்டி அண்ணாச்சியின் மகன், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவன்.

“சார், மூணாவது கம்பி மட்டும் சத்தம் வரல்ல.”

“உனக்கு கிட்டார் தெரியுமா மக்கா?”

“தெரியாது சார். உங்க நடுவிரல் அதுல முட்டுது. அதான்.”

குனிந்து பார்த்தேன். முட்டிக்கொண்டுதான் இருந்தது. விரலை நிமிர்த்திப் பிடித்தேன். நான்கு மாதமாக வராத சத்தம் வந்தது.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஃபோன் எனக்குக் காட்டும், சொல்லும், நூறு முறை திருப்பிச் சொல்லும். ஆனால் நான் பார்த்த வீடியோ எதுவும் நான் வாசிப்பதைக் கேட்கவில்லை. மிலானின் புத்தகம் கேட்கவில்லை, வீடனின் புத்தகம் கேட்கவில்லை, கேசட்டும் கேட்கவில்லை. ஐந்நூறு வருடமாக மலிவாகிக்கொண்டே வந்தது, காட்டிக்கொடுக்கும் வேலை மட்டும்தான். கேட்டுச் சொல்லும் ஒரு காது எனக்கு ஒரு மனிதனிடமிருந்துதான் கிடைத்தது. அந்தக் கொரிய இளைஞர் வீடியோ போட்டதும் அதற்காகத்தானே?

இப்போது அந்தப் பையன் சனி ஞாயிறு என் வீட்டுக்கு வருகிறான். அப்பாவின் ஃபோனில் பாடம் பார்க்கிறான், என் கிட்டாரில் வாசிக்கிறான். ஆறு வாரத்தில் அவன் எண்ணிக்கை என்னுடையதைத் தாண்டிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் 1979இல் மேடை ஓரத்தில் நின்றவனும் நான்தானே.

ஒரு கோரிக்கை

இந்தக் கட்டுரையைச் செயற்குழுவுக்கான மனுவாகவும் எடுத்துக்கொள்ளலாம். நம் கம்யூனிட்டி ஹால் விசேஷம் இல்லாத ஞாயிறுகளில் பூட்டியே கிடக்கிறது. மாலை நான்கு முதல் ஆறு வரை, கிட்டாரோ கீபோர்டோ வயலினோ, தானாகக் கற்கிறவர்கள் அங்கே கூடினால் என்ன? பாடம் ஃபோனிலேயே இருக்கட்டும். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டுச் சொல்வோம். மின்விசிறிக்கும் விளக்குக்கும் ஆகும் செலவை நான் தந்துவிடுகிறேன், ரசீது மட்டும் போடுங்கள். இரவு ஒன்பது மணிப் புகாரும் அதோடு தீரும்.

நம் குடியிருப்பில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் வரலாம் என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். இதில் சிலருக்குத் தயக்கம் இருக்கலாம். ஹால் உரிமையாளர்களுக்கு என்று விதியில் இருக்கிறது, தெரியும். அந்த விதியை மாற்ற வேண்டாம், என் விருந்தினராக அவர்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதுகிறேன், கையெழுத்து நான் போடுகிறேன்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டு லாஃப்டில், பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கி மூன்றாம் மாதம் விட்ட கிட்டார் ஏதாவது கிடக்கிறதா? கம்பி அறுந்திருந்தாலும் துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, கழுத்து உடையாமல் இருந்தால் போதும். புதுக் கம்பி நான் மாட்டிக்கொள்கிறேன். பி பிளாக் மூன்றாம் மாடியில் கொடுத்தால் யாரிடமிருந்து வந்தது, யாரிடம் போனது என்று நோட்டில் பதிந்து, அடுத்த இதழில் கணக்குச் சமர்ப்பிக்கிறேன்.